பெரட்டுக்கு முன், பெரட்டுக்குப் பின்

சம்பளம் போட்ட மறு சனிக்கிழமை எங்கள் பார்மசியில் நிற்க இடமிருக்காது. அப்படி ஒரு சனிக்கிழமை பகல், தோட்டத்து பஸ்ஸில் வந்திறங்கிய ஒரு அக்கா நேராகக் கவுண்டருக்கு வந்தார். "ஒரு மாசமா எந்திரிச்சா கண்ண இருட்டுது மிஸ். ரத்தக் கொறவாத்தான் இருக்கும். நல்ல டொனிக் ஒன்னு தாங்க."

டொனிக் எடுக்க நான் திரும்பவில்லை. "வீட்டுல என்னென்ன மாத்திரை இருக்கு? அடுத்த தடவ எல்லாத்தையும் பையோட அள்ளிக்கிட்டு வாங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அவரே ஷொப்பிங் பேக்கைக் கவிழ்த்தார். கிளினிக் கொப்பி, ஆஸ்பத்திரி கடதாசி உறைகள் நாலு, பாதி வெட்டிய பனடோல் கார்ட், எண்ணெய்ப் போத்தல், பேத்தியின் இருமல் சிரப். அத்தனைக்கும் அடியில், டவுனில் உள்ள தனியார் டொக்டரிடம் வாங்கிய பச்சை மாத்திரைக் கார்ட்.

"ஒழுங்காக் குடிக்கிறீங்களா?" என்று நான் யாரையும் கேட்பதில்லை. கேட்டால் "ஆமா மிஸ்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்பது மாதிரி ஆகிவிடும். "காலையில என்ன செய்வீங்க, அப்புடியே எடுத்துக் காட்டுங்க" என்பேன். அக்கா எடுத்துக் காட்டினார். உறையிலிருந்து ஒரு வெள்ளை மாத்திரை, கார்டிலிருந்து ஒரு பச்சை மாத்திரை. வெள்ளை பிரஷருக்கு, பச்சை தலைவலிக்கு என்றார்.

இரண்டும் லொசார்டன். இரண்டும் 50 மில்லிகிராம். கிளினிக்கில் கொடுத்தது ஒரு கம்பனி, தனியார் டொக்டர் எழுதியது வேறு கம்பனி. தலைவலியோடு போனவரின் பிரஷரை அளந்து பார்த்த அந்த டொக்டர், பிரஷருக்குத்தான் மாத்திரை எழுதியிருக்கிறார். கிளினிக் கொப்பியை இவர் அங்கே காட்டவில்லை. "அது கவர்மெண்டு கொப்பி, அங்க எதுக்குன்னு வுட்டுட்டேன்."

உட்கார வைத்து பிரஷர் பார்த்தேன், பிறகு நிற்க வைத்துப் பார்த்தேன். நின்றதும் நன்றாக இறங்கியது. டொக்டருக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். பச்சையை நிறுத்தச் சொன்னார். கிளினிக் டொக்டருக்கு நாலு வரி எழுதி கொப்பியில் குத்திவிட்டேன். அக்கா டொனிக் வாங்காமலே பஸ் ஏறினார். அவர் போன பிறகு முதலாளி என் முகத்தையும் அலுமாரியில் இருந்த டொனிக் போத்தலையும் மாறி மாறிப் பார்த்தார்.

இதுதான் என் வேலை. மருந்தை எடுத்துக் கொடுத்துக் காசு வாங்குவது அதில் சின்னப் பங்கு.

நான் இருப்பது கேகாலை மாவட்டத்தில் யட்டியாந்தோட்டை. அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் வீதியில் கரவனெல்லையைத் தாண்டினால் எங்கள் டவுன். கீழே ரப்பர், மேலே தேயிலை. மலையகம் என்றதும் நுவரெலியாவையும் ஹட்டனையும் நினைப்பவர்களுக்கு எங்களைத் தெரியாது. சப்ரகமுவத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடப்பவை. தெரணியகலை, தெஹியோவிட்ட, புளத்கொஹுபிட்டிய, அந்தப் பக்கம் இரத்தினபுரி மாவட்டத்தில் பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை என்று எங்கே போனாலும் இதே கதைதான். சந்தையிலும் பஸ்ஸிலும் நம் ஆட்கள் சிங்களம் தாராளமாகப் பேசுவார்கள். மருந்து உறையில் எழுதியிருப்பதைப் படிப்பது வேறு சங்கதி.

அம்மா ரப்பர் பால் வெட்டியவர். அவர் காலத்தில் மருந்து என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரி, அங்கே ஓர் ஐயா, அவர் ஊற்றித் தரும் மிக்சர். போத்தலை நாம்தான் கொண்டு போக வேண்டும். தொழிலாளருக்குத் தோட்டம் வைத்தியம் பார்க்க வேண்டும் என்ற சட்டம் வெள்ளைக்காரன் காலத்திலேயே வந்துவிட்டது. 1912 இல் அதைத் திருத்தி எழுதினார்கள். எந்த மருந்து எதற்கு என்று நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என அந்தச் சட்டத்தில் எழுதியிருந்ததோ என்னவோ, அம்மாவுக்கு யாரும் சொன்னதில்லை. நான் உயர்தரம் முடித்து, பதிவுபெற்ற மருந்தாளர் ஒருவரிடம் பயிலுநராக நின்று, பரீட்சை எழுதி, இலங்கை மருத்துவ சபையில் பெயர் பதிந்தேன். அம்மாவுக்கு இன்றைக்கும் நான் 'மருந்துக் கடையில நிக்கிற புள்ள'தான்.

நிறத்தின் கதையை முடித்துவிடுகிறேன். அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மருந்து டெண்டரில் வருகிறது. இந்த வருஷம் ஒரு கம்பனி, அடுத்த வருஷம் இன்னொன்று. மருந்து அதேதான், ஆனால் வெள்ளை ரோசாவாகும், வட்டம் நீளமாகும். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவருக்கு அது ஒன்றுமில்லை. நிறத்தையும் உருவத்தையும் வைத்தே மருந்தை அடையாளம் காண்கிறவருக்கு அது புது மருந்து. சிலர் பழைய மிச்சத்தையும் புதியதையும் சேர்த்துக் குடிப்பார்கள். சிலர் "மாத்திட்டாங்க, இது எனக்கு ஒத்துக்கல" என்று இரண்டையும் விட்டுவிடுவார்கள். ஒரு தாத்தா ஆறு மாசமாகக் கொலஸ்ட்ரோல் மாத்திரையை உறையோடு கூரைக்கடியில் செருகி வைத்திருந்தார். காரணம் கேட்டால், "மஞ்சள நிப்பாட்டிட்டு இத குடுத்துட்டாங்க, மஞ்ச வந்தா குடிக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

இதற்கு மருந்து, மருந்தின் பெயர்தான். கம்பனிப் பெயரை விட்டுவிட்டு மருந்தின் சொந்தப் பெயரால் வாங்கு, எழுது, கொடு என்று உலகத்துக்குச் சொன்ன ஆட்களில் ஒருவர் நம் நாட்டவர், பேராசிரியர் சேனக பிபிலே. அவரும் டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் கொடுத்த அறிக்கையை வைத்து 1971 இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் தொடங்கப்பட்டது. தனியார் துறைக்கு இறக்குமதியான 2,100 அளவிலான மருந்துகள் 600 ஆகக் குறைந்தன. அப்போது நிதியமைச்சராக இருந்தவர் எங்கள் தொகுதி எம்.பி. என். எம். பெரேரா. 1934-35 மலேரியாவில் கேகாலைப் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பருப்புக் கொடுத்ததால் அவருக்குப் 'பருப்பு மாத்தயா' என்று பேர். அதே மலேரியாவில் மருந்தோடு அலைந்தவர் அந்த விக்கிரமசிங்க. பருப்பு மாத்தயாவின் ஊரில் நின்றுகொண்டு நான் இன்றைக்கும் பேர் சொல்லித்தான் மருந்து கொடுக்கிறேன். கார்டின் பின்பக்கம் மார்க்கர் பேனாவால் தமிழில் எழுதிவிடுவேன்: லொசார்டன், பிரஷர். நிறம் மாறட்டும், 'லொசார்டன்' என்ற சொல் வாயில் நின்றுவிட்டால் போதும். வாயில் நுழையாது என்பதெல்லாம் வெறும் பேச்சு. தோட்டத்தில் போடுகிற உரத்தின் பெயரையும் களைநாசினியின் பெயரையும் தப்பில்லாமல் சொல்கிறவர்களுக்கு இது எம்மாத்திரம்?

பெயர் தெரிவதன் அருமை எனக்கு உறைத்தது 2016 மே மாதம். அரநாயக்கவில் மலை சரிந்த அதே மழையில், புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் லயத்தின் மேல் வந்து விழுந்தது. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் லயத்தை விட்டு இறங்கியவர்கள் பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் தங்கினார்கள். கொப்பியை எடுத்துக்கொண்டா ஓடுவார்கள்? "வட்டமா, சின்னதா, வெள்ள மாத்திரை மிஸ்." அலுமாரியில் உள்ளதில் பாதி வட்டம், சின்னது, வெள்ளை. எங்களிடம் வாங்கியவர்களுக்குப் பழைய பில் கட்டைப் புரட்டிக் கண்டுபிடித்தோம். மற்றவர்கள் கிளினிக் திறக்கும்வரை மருந்தில்லாமல் இருந்தார்கள்.

இனி தலைப்புக்கு வருகிறேன்.

மருந்து உறையில் இருப்பது மூன்று நேரம்: காலை, பகல், இரவு. அத்தோடு 'சாப்பாட்டுக்கு முன்', 'சாப்பாட்டுக்குப் பின்'. எழுதுகிறவர் மனசில் ஒரு வீடு இருக்கிறது. அங்கே ஏழரைக்குக் காலைச் சாப்பாடு, ஒரு மணிக்குச் சோறு, எட்டு மணிக்கு இரவுச் சாப்பாடு. தோட்டத்தில் நாள் அப்படிப் பிரிவதில்லை. விடியுமுன் எழும்பி, சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, ஒரு சாயத்தண்ணியோடு, காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போக வேண்டும். ரொட்டி பொட்டலமாகக் கூடவே மலைக்குப் போகும். அதைப் பிரிப்பது ஒன்பதரைக்கோ பத்துக்கோ. பகல் கொழுந்து நிறுத்துவிட்டு அவசரமாக ஒரு வாய். வயிறு நிறைய உண்பது இரவில்தான்.

சீனி வியாதிக்குக் கிளினிக்கில் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று கிளிக்கிளசைட். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது அதன் வேலை. வயிற்றில் சாப்பாடு வந்ததா என்று அது பார்க்காது. ஒரு பொம்பளைப் பிள்ளை, வயது நாற்பதுக்குள், மலையில் இரண்டு தடவை விழுந்துவிட்டாள். வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறி. முதல் தடவை காத்துக் கருப்பு என்று திருநீறு போட்டார்கள். இரண்டாம் தடவை, "பிரஷர் ஏறிருச்சு போல" என்று மாமியார் என்னிடம் பிரஷர் மாத்திரை கேட்டு வந்தார். அவளையே வரச் சொன்னேன். உறையில் சிங்களத்தில் 'கேமட்ட பெர', சாப்பாட்டுக்கு முன். அவள் அதைக் கச்சிதமாகக் கடைப்பிடித்திருக்கிறாள். ஐந்தரைக்கு மாத்திரை. சீனி வியாதி என்பதால் சீனி போடாத சாயத்தண்ணி. ரொட்டி பத்து மணிக்கு. நடுவில் நாலரை மணித்தியாலம், செங்குத்தான மலை, முதுகில் பாரம்.

சொன்னதைக் கேட்காததால் வந்த வினை என்று சிலருக்குச் சொல்லலாம். இவளுக்கு வந்தது சொன்னதைக் கேட்டதால்.

கிளினிக்குக் குறிப்பு எழுதினேன்: 'நோயாளியின் முதல் சாப்பாடு காலை 10 மணிக்கு.' டொக்டர் நல்ல மனுஷி, நேரத்தை மாற்றினார். மாத்திரை இப்போது ரொட்டிப் பொட்டலத்தோடு மலைக்குப் போகிறது, ரொட்டியைப் பிரிக்கும்போதுதான் வாய்க்குப் போகிறது. இன்னொன்றும் கொடுத்தனுப்பினேன், ஒரு சின்னப் பேப்பரில் மூன்று தேக்கரண்டி சீனி. வேர்த்து நடுங்கினால் உடனே வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டும், கால் மணித்தியாலத்தில் தெளியாவிட்டால் திரும்ப ஒரு தடவை, அப்புறம் சாப்பாடு. "சீனிக்காரிக்கு மிஸ்ஸே சீனி குடுக்குது" என்று லயமெல்லாம் சிரித்தார்களாம். சிரிக்கட்டும். சிரித்தால் மறக்க மாட்டார்கள்.

அதிலிருந்து நான் உறையில் எழுதும் பாஷையை மாற்றிவிட்டேன். பெரட்டுக்கு முன். ரொட்டியோட. கொழுந்து நிறுத்த பிறகு. வீட்டுக்கு வந்ததும். படுக்கப் போகும்போது. பால் வெட்டுகிறவர்களுக்கு வேறு அட்டவணை. அவர்கள் விடியலில் மரத்தடிக்குப் போய், பால் சேர்த்துக் கொடுத்துவிட்டு மதியத்துக்கு முன் திரும்பிவிடுவார்கள். எங்கள் பெடியன் ஒருவன் கிண்டலாகக் கேட்டான், "இதெல்லாம் எந்தப் பார்மகோலொஜி புத்தகத்துல இருக்கு மிஸ்?" எதிலும் இல்லை.

இரும்புச்சத்து மாத்திரையின் கதை இன்னும் கொடுமை. கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கட்டாயம் கொடுப்பார்கள், ரத்தக் குறைவுள்ள மற்றப் பெண்களுக்கும் எழுதுவார்கள். அதைக் குடித்தால் வயிறு பிரட்டுகிறது என்று எங்கள் பெண்கள் சூடான சாயத்தண்ணியோடு விழுங்குவார்கள். தேயிலைச் சாயத்தில் உள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. மாசக்கணக்கில் மாத்திரை குடித்தும் ரத்தம் ஏறவில்லை என்றால் முதலில் நான் கேட்பது இதைத்தான். விளக்கியபோது ஓர் அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டு, "நாங்க பறிச்ச கொழுந்தே எங்க ரத்தத்த திங்குதா?" என்றார். இரும்பு மாத்திரைக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒன்றிரண்டு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். பச்சைத் தண்ணீரில் குடியுங்கள். தேசிக்காய்த் தண்ணியோ கொய்யாப் பழமோ இருந்தால் இன்னும் நல்லது. கல்சியம் மாத்திரையை அதே நேரத்தில் குடிக்காதீர்கள். வயிறு பிரட்டினால் இரவு படுக்கப் போகும்போது குடித்துப் பாருங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும், ஆனால் கிளினிக்கில் வரிசை கதவுக்கு வெளியே நிற்கும்.

மழை தொடங்கிவிட்டால் என் வேலை பாதி, 'இல்லை' என்று சொல்வது. காய்ச்சலும் மேல் வலியுமாக வந்து "நோவு மாத்திரை ரெண்டு" என்பார்கள். டைக்ளோஃபெனக்கோ இபுபுரோஃபெனோ கேட்கிறார்கள் என்று அர்த்தம். மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம். டெங்குவில் இந்த மாத்திரைகள் ரத்தக்கசிவுக்கு வழி திறந்துவிடும். 2017 இல் நாடு முழுக்க 186,000 க்கும் மேல் டெங்கு நோயாளிகள். அந்த வருஷம் நான் பட்ட ஏச்சுக்கு அளவில்லை. "காசு குடுத்தா குடுக்க வேண்டியதுதானே? பக்கத்துக் கடையில தாறான்" என்பார்கள். பக்கத்துக் கடை அரிசி விற்கும் கடை. காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும்தான். 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் பெரியவர்களுக்கு ஆறு மணித்தியாலத்துக்கு இரண்டு, ஒரு நாளில் எட்டைத் தாண்டக்கூடாது. ஆஸ்பத்திரி உறையில் இருக்கும் வெள்ளை மாத்திரையும் கடையில் வாங்கிய பனடோலும் ஒரே மருந்து, இரண்டையும் சேர்த்தால் ஈரல் தாங்காது. இரண்டு நாளில் காய்ச்சல் விடவில்லை என்றால் ரத்தம் சோதிக்க வேண்டும்.

காய்ச்சல் இல்லாவிட்டாலும் நோவு மாத்திரை எங்கள் தோட்டங்களில் ஒரு தனி வியாதி. நாள் முழுக்கக் கழுத்திலும் தோளிலும் பாரம் இழுக்கும் பெண்களுக்கு வலி பொய் இல்லை. ஆனால் லொசார்டன் குடிக்கிறவர், அத்தோடு நீர் பிரிய மாத்திரையும் குடிக்கிறவர், வேலைக்குப் போகத் தினமும் ஒரு டைக்ளோஃபெனக்கும் போட்டால், மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தை நெருக்கும். இது எந்த ஒரு டொக்டரின் துண்டிலும் தெரியாது. முதல் இரண்டும் கொப்பியில் இருக்கும், மூன்றாவது கடையில் சில்லறைக்கு வாங்கியது. பையைக் கவிழ்த்தால்தான் மூன்றும் ஒன்றாகக் கண்ணில் படும்.

என் தப்பையும் சொல்லிவிட வேண்டும். எலிக்காய்ச்சல் எங்கள் பக்கமும் இரத்தினபுரிப் பக்கமும் மழையோடு வருகிற வியாதி. வயலில் இறங்குகிறவர்கள், மாணிக்கக் குழியில் வேலை செய்கிறவர்கள், சேற்றுத் தண்ணீரில் நிற்கும் எல்லாருக்கும் ஆபத்து. தடுப்பாக டொக்சிசைக்கிளின் 200 மில்லிகிராம் வாரத்துக்கு ஒரு தடவை கொடுப்பார்கள். தோட்ட வேலைக்குப் பிறகு கைக்காசுக்கு வயலில் இறங்கும் ஒருவர் டொக்டரின் துண்டோடு வந்தார். உறையில் தெளிவாக எழுதினேன், தமிழில்: 'கிழமைக்கு 2 மாத்திரை'. ஐந்தாம் நாள் வந்தார், நெஞ்செரிச்சல், வெயிலில் போனால் தோல் காந்துகிறது, மாத்திரை வேறு முடிந்துவிட்டது. திங்கட்கிழமைக்கு 2, செவ்வாய்க்கிழமைக்கு 2, புதன்கிழமைக்கு 2. எழுதினது தமிழ்தான், படித்ததும் தமிழ்தான்.

அவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெதோட்ரெக்சேட்டும் வாரத்துக்கு ஒரு நாள் மருந்து. அதைத் தினம் குடித்தால் எலும்பு மச்சை அடங்கி, வாய் புண்ணாகி, ஆளே போய்விடலாம். உலகம் முழுக்க இந்த ஒரு தவறு உயிர்களை எடுத்திருக்கிறது. இப்போது நான் 'கிழமை' என்ற சொல்லையே உறையில் எழுதுவதில்லை. 'ஞாயிறு மட்டும்' என்று எழுதி, வாங்குகிறவரை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையில் கொடுப்பேன். டொக்சிசைக்கிளின் என்றால் இன்னும் இரண்டு வரி உண்டு: நிறையத் தண்ணீரோடு குடி, குடித்தவுடன் படுக்காதே. கர்ப்பிணிக்குக் கொடுத்துவிடாதே என்பதையும் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் லயத்தில் மருந்து பங்கு போடுவது கறி பங்கு போடுவது மாதிரி.

2022 ஐ நினைத்தாலே வயிற்றைக் கலக்கும். ரூபாய் விழுந்தது, மருந்து வரவில்லை, வந்ததன் விலை ஏறியது. மார்ச்சில் மட்டும் 29 சதவீதம் வரை ஏற்ற அனுமதி கொடுத்தார்கள். கிளினிக்கில் மருந்து இல்லை, 'வெளியில் வாங்கவும்' என்று துண்டு கொடுத்தார்கள். ஒரு மாத மருந்து வாங்கினவர்கள் பத்து நாளுக்கு வாங்கினார்கள், பிறகு மூன்று நாளுக்கு. கார்டை வெட்டும்போது பேரும் காலாவதித் திகதியும் அவர்கள் பக்கத் துண்டில் இருக்கும்படி வெட்டப் பழகினேன். அந்த வருஷம்தான் எல்லாரும் மாத்திரையைப் பாதியாக உடைக்கத் தொடங்கினார்கள். சாதாரண மாத்திரையை உடைத்தால் பாதி மருந்து போகும், அவ்வளவுதான். மெல்ல மெல்லக் கரையும்படி செய்த மாத்திரையை உடைத்தால் நாள் முழுக்கப் போக வேண்டியது ஒரே மூச்சில் இறங்கும். நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: "காசு இல்லன்னா சொல்லுங்க, எத நிப்பாட்டலாம், எத நிப்பாட்டவே கூடாதுன்னு டொக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன். நீங்களா முடிவு பண்ணாதீங்க." வெட்கத்தை விட்டுச் சொன்னவர்கள் சிலர். சொல்லாதவர்களைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. 30 மாத்திரை வாங்கினவர் 30 ஆம் நாள் வரவில்லை என்றால் அவர் குடிக்கவில்லை. என் மேசை லாச்சிக்குள் இதற்கென்றே ஒரு கொப்பி வைத்திருக்கிறேன்.

மருந்தை ஒழுங்காக எடுக்காதது நம் ஆட்களின் படிப்பறிவுக் குறை என்று பேசுகிறவர்களுக்கு ஒரு தகவல். நீண்டநாள் நோய்க்காரரில் சொன்னபடி மருந்து எடுப்பவர்கள் பணக்கார நாடுகளிலேயே பாதிப்பேர்தான் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2003 இல் எழுதியது. வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் 2011 முதல், புதிதாக மருந்து தொடங்கும் சில நோயாளிகளைப் பார்மசியே இரண்டு வாரத்துக்குள் கூப்பிட்டு, எப்படிப் போகிறது என்று விசாரிக்கிறது, அதற்கு அரசாங்கம் பார்மசிக்குக் காசு கொடுக்கிறது. இங்கே நான் பேசாமல் டொனிக்கை விற்றால் கடைக்கு லாபம், பேசி விற்காமல் அனுப்பினால் நட்டம். சில இடங்களில் மருந்தாளர் வரவே மாட்டார், அவருடைய சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்கிக்கொண்டு வேலைக்கு வரும். 2015 இன் சட்டம் நல்ல சட்டம்தான். அதன் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை வந்தது, அடுத்த வருஷம் 48 மருந்துகளுக்கு உச்ச விலை வந்தது. ஆனால் கவுண்டரின் இந்தப் பக்கம் நிற்கிறவர் வாயைத் திறந்து பேச வேண்டும் என்பதை எந்தச் சட்டத்தால் செய்விக்க முடியும்?

கிளினிக் நாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர், அதாவது ஒரு நாள் கூலி, போய்விடும். காலையில் போய்விட்டு ஓடி வந்தால் அரைப்பேராவது விழுமா என்று பார்ப்பார்கள். அதனால் ஒரு சந்தேகம் கேட்பதற்காக யாரும் கிளினிக்குக்குப் போவதில்லை. சனிக்கிழமை அரிசி வாங்க வரும்போது என்னிடம் கேட்பதுதான் அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது.

ஆண்களிடம் கேட்கவும் முடியாத, டொக்டரிடம் சொல்லவும் முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு போன வருஷம் ஓர் அம்மா வந்தார். இருதயம் பலவீனம், கால் வீக்கம், மூச்சு வாங்குகிறது. கிளினிக்கில் புரூசமைட் கொடுத்திருக்கிறார்கள், உடம்பில் தேங்கும் நீரைப் பிரித்து வெளியே தள்ளும் மாத்திரை. காலையில் ஒன்று. ஒவ்வொரு கிளினிக்கிலும் கால் வீங்கியே இருந்ததால் டொக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். உறைகளைப் பார்த்தேன். முந்தின மாத உறை கிட்டத்தட்ட நிரம்பி இருந்தது, அதற்கு முந்தினதும். மற்ற மாத்திரைகளெல்லாம் தீர்ந்திருந்தன. கடையில் ஆள் குறையும்வரை உட்கார வைத்தேன். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அத குடிச்சா ஒரு மணித்தியாலத்துல வந்துரும் மிஸ். அப்பறம் நிக்காது. மலையில எங்க போறது? நெர ஓட்டி நிக்கயில கங்காணி பின்னாலயே நிப்பாரு. ஒரு பத்த கூட மறப்புக்கு இல்ல. அதான் வேல இல்லாத நாள்ல மட்டும் குடிக்கிறது."

வேலை இல்லாத நாள் என்றால் ஞாயிறும் போயாவும். இருதயத்துக்குக் கிழமையில் ஒரு நாள் மருந்து.

மாத்திரையின் வேலை ஆறு மணித்தியாலத்தில் அடங்கிவிடும். வேலை விட்டு நாலரைக்கு வீட்டுக்கு வந்ததும் குடித்தால் பத்தரைக்குள் முடிந்துவிடும். இதை எழுதி, அவர் இதுவரை குடித்தது எவ்வளவு என்பதையும் எழுதிக் கிளினிக்குக்கு அனுப்பினேன். அளவைக் குறைத்து, நேரத்தைப் பின்னேரத்துக்கு மாற்றித் திருப்பி அனுப்பினார்கள். ஒரு மாதத்தில் கால் வற்றிவிட்டது. செருப்பு போட முடிகிறது என்று காட்டினார். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது, ஒத்துக்கொள்கிறேன்.

ஐப்பசி மழையில் திரும்ப வந்தார். கால் மறுபடி லேசாக வீங்கியிருந்தது. மாத்திரையை எண்ணினேன், ஆறு மிச்சம். ஏன் என்று கேட்டேன். கக்கூஸ் லயத்துக்குப் பின்னால், படி இறங்கிப் போக வேண்டும். பகலில் பரவாயில்லை. இருட்டினால் வழுக்கும், அட்டை ஏறும், போன மாசம் பக்கத்துக் காம்பராக்காரி பாம்பைக் கண்டாளாம். மகன் வீட்டில் நின்றால் கூடப் போவான், கொழும்புக்குப் போன நாட்களில் மாத்திரையைத் தொடுவதில்லை.

டோர்ச் இல்லையா என்றேன். இருக்கிறதாம், பெட்டரி செத்துவிட்டதாம்.

அவருடைய துண்டை எடுத்தேன். புரூசமைட்டுக்குக் கீழே, லொசார்டனுக்குக் கீழே, மூன்றாவது வரியாக டோர்ச் பெட்டரி 2 என்று எழுதி, பக்கத்து ஹாட்வெயார் கடைக்கு அனுப்பி வைத்தேன். கடைக்காரர் துண்டைப் பார்த்துவிட்டு, நடைபாதையில் நின்றே என்னைப் பார்த்துக் கத்தினார்: "மிஸ், இது சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?"